பகுலானை உள்ளே சேர்த்தவள்

கோலாலம்பூரில் அந்த ஓட்டலின் பெரிய கூடத்தில், மேசை விரிப்பு தரையில் புரளாமல் இருக்க நான் முழங்கால் போட்டுக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. 2008 ஆகஸ்ட் நாலாம் தேதி, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மறுநாள் காலை அந்த மேசையில்தான் கையெழுத்து. மின்டானாவோ தீவில் மோரோ முஸ்லிம்களாகிய எங்களுக்கும் பிலிப்பைன்ஸ் அரசுக்கும் நாற்பது வருஷமாகச் சண்டை. எந்தெந்த ஊர் எங்கள் நிலத்துக்குள் வரும் என்று அந்த ஒப்பந்தத்தில் கோடு போட்டிருந்தது. எங்கள் தரப்பில் கோட்டைப் போட்டவள் நான்.

செய்தி அனுப்பியிருந்தது மனாங் டியோனிசியா. ஊரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. அவர்கள் பேச்சில் மனாங் என்றால் அக்கா, இந்தாய் என்றால் தங்கச்சி.

"இந்தாய், பேப்பர்ல நம்ம ஊர் பேர் போட்டிருக்கு. நீ அங்கதான் இருக்கியாமே, டீவில உன் தலை தெரிஞ்சுதுன்னு சொல்றாங்க. எங்க வீட்டை யாருக்கு எழுதிக் குடுத்தீங்க?"

மூன்று முறை படித்தேன். வாயில் வைத்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். விழுங்கிவிடுவேனோ என்று பயம் வந்துவிட்டது.

என் பெயர் நொராய்சா சமாவோன். நில அளவை படித்தவள். கொத்தபாத்தோ நகரத்தில் வேலை, ஆனால் சொந்த ஊர் பகுலான். நாற்பத்தைந்து வீடு. இருபத்தொன்பது எங்களுடையது, பதினாறு இலோங்கோக்களுடையது. அவர்கள் கிறிஸ்தவர்கள், இரண்டு தலைமுறைக்கு முன்னால் நடுத்தீவுகளிலிருந்து கப்பலேறி வந்து காடு திருத்தியவர்கள். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் டியோனிசியாவும் அவள் கணவர் ரெமிஹியோவும். அவர்களிடம் ஒரு சோள மில் இருந்தது. ஊர் முழுக்க அங்கேதான் மாவரைக்கும்.

இரண்டாயிரமாவது வருஷச் சண்டையில் ராணுவம் எங்கள் ஊருக்குள் வந்து மோரோ ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனது. அப்பா ஓட முடியாமல் மில்லுக்குள் ஒளிந்தார். சிப்பாய் ஒருவன் துப்பாக்கியை நீட்டி, "யாருடா இவன்?" என்று கேட்டிருக்கிறான். ரெமிஹியோ மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே, "நம்ம மில்லுல மூட்டை தூக்குறவன் சார். கொஞ்சம் கிறுக்கன்" என்றாராம். அப்பா பிழைத்தார். ஆனால் செத்துப்போகும் வரை, "மூட்டை தூக்குறவன்னு சொன்னது சரி, கிறுக்கன்னு எதுக்குய்யா சொன்னே?" என்று வேலியோரம் நின்று அவரிடம் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த வீட்டுக்காரிதான் கேட்கிறாள், யாருக்கு எழுதிக் கொடுத்தாய் என்று.

பேச்சுவார்த்தை ஏழு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. மலேசியா நடுவில் நின்றது. எங்கள் குழு நாலாம் மாடியில், அரசுக் குழு ஆறாம் மாடியில். இடையில் டத்தோ ஷுக்ரி. ஓய்வு பெற்ற மலேசிய அதிகாரி, சர்க்கரை நோயாளி, சட்டைப் பையில் எப்போதும் உப்பு பிஸ்கட். ஒரு வார்த்தையில் தகராறு வந்தால் தாளை எடுத்துக்கொண்டு அவர்தான் மாடிக்கும் மாடிக்கும் நடப்பார். லிஃப்டில் போகமாட்டார். "படியேறும்போதுதான் ரெண்டு பக்கமும் கொஞ்சம் கோபம் ஆறும்" என்பார். ஒரே ஒரு சொல்லுக்காகப் பதினொரு முறை அவர் ஏறி இறங்கியதை நான் எண்ணியிருக்கிறேன். அந்தச் சொல் கடைசியில் ஒப்பந்தத்திலேயே இல்லை.

வரைபடம் பேசும்போது மட்டும் எல்லோரும் ஒரே அறையில் உட்காருவோம். அரசுத் தரப்பில் பெனவிதெஸ் என்ற பொறியாளர், என் வயதுதான். ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டே வந்தோம். பகுலான் வந்தது.

"இது ஓரத்துல இருக்கு. கலந்து இருக்கற ஊரு. வெளியவே விட்டுரலாம்" என்றார் பெனவிதெஸ். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கோடு அங்கே இயல்பாகவே உள்பக்கம் வளைந்து போயிருக்கும்.

"முடியாது" என்றேன். அறையில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. "எங்கப்பா கபர் அங்க இருக்கு."

டத்தோ ஷுக்ரி பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "அங்க வேற யாரெல்லாம் இருக்காங்க, புவான்?" என்று மலாய் மரியாதையோடு கேட்டார்.

"எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்கோம்."

"அவங்க ஒத்துக்குவாங்களா?"

"பக்கத்து வீட்டுக்காரங்கதான். எனக்குத் தெரியாதா?"

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பென்சிலை என் பக்கம் நகர்த்தினார். "எப்படியும் ஒரு வருஷத்துக்குள்ள ஊர் ஊரா ஓட்டு இருக்கு. அப்ப அவங்களே சொல்லட்டும்." நான் கோட்டை ஒரு நகத்தளவு வெளியே தள்ளி வரைந்தேன். பகுலான் உள்ளே வந்தது.

வெளியே யாரிடமும் ஒரு வார்த்தை மூச்சுவிடக் கூடாது என்று இரண்டு தரப்பும் சத்தியம் செய்திருந்தோம். அதற்குப் பிறகு இரண்டு தடவை ஊருக்குப் போனேன். ஒரு தடவை டியோனிசியாவின் அடுப்படியில் உட்கார்ந்து புளி போட்ட மீன் சாப்பிட்டேன். எங்களுக்கென்றே அவள் பன்றிக்கறி படாத தனிச் சட்டி வைத்திருப்பாள்.

"எங்கடி அடிக்கடி காணாமப் போயிர்றே? மாப்பிள்ளை கீப்பிள்ளை பாத்து வெச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

"ட்ரெய்னிங் மனாங்."

"முப்பத்தஞ்சு வயசுல என்னடி ட்ரெய்னிங்? அப்ப மாப்பிள்ளைதான்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது பத்திரிகைக்காரர்களிடம் பட்டியல் மட்டும் கிடைத்திருக்கிறது. ஓட்டு நடக்கும் என்ற பத்தியை யாரும் போடவில்லை. அதை எப்படிக் குறுஞ்செய்தியில் விளக்குவது என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போதுதான் டத்தோ ஷுக்ரி கூடத்துக்குள் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. நேராக வந்து மேடைப் படியில் உட்கார்ந்தார். அவர் அப்படித் தரையோடு உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"மணிலாவுல கோர்ட் தடை போட்டுருச்சு" என்றார். "நாளைக்குக் கையெழுத்து இல்ல."

யாரோ சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருக்கவேண்டும். அவர் சிரிக்கவில்லை.

எங்கள் குழுவின் மூத்தவர் பாபா எஸ்மாயில், எனக்கு மாமன் முறை, புதுச் சட்டையை அளவு பார்க்கப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "தடைன்னா? எத்தனை நாளைக்கு?" என்றார்.

"தெரியல."

"ஒரு வாரமா? ஒரு மாசமா?"

"தெரியலைங்க."

"அரசாங்கம் ஒத்துக்கிட்டதுதானே? அவங்க ஆளுங்க மேலே ஆறாம் மாடியிலதானே இருக்காங்க? போய்க் கேளுங்களேன். இன்னொரு தடவை படி ஏறிப் போய்க் கேளுங்களேன்!"  கழுத்துப் பித்தானைப் போடுவதும் அவிழ்ப்பதுமாக அவர் விரல்கள் தாமாக ஓடிக்கொண்டிருந்தன. தன் கை என்ன செய்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

அந்த நேரத்தில் பூக்காரர்கள் இரண்டு பேர் பெரிய மலர்க் கூடையோடு உள்ளே வந்து, "எங்க வெக்கணும்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள்.  விமான நிலையத்தில் வெளிநாட்டு விருந்தாளிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சமையல்கட்டில் இருநூறு பேருக்கு வேலை நடந்துகொண்டிருந்தது.

பெனவிதெஸ் கீழே வந்தார். ஏழு வருஷத்தில் முதல்முறையாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மேடம், எனக்கே டீவில பாத்துத்தான் தெரியும். சத்தியமா" என்றார்.

அவரை நம்பினேன். நம்பி என்ன செய்வது? டியோனிசியாவுக்கு எழுதினேன்: "யாருக்கும் குடுக்கல மனாங். ஓட்டு இருக்கு, உங்களைக் கேட்டுத்தான் எல்லாம். நேர்ல வந்து சொல்றேன்." செய்தி போனது. பதில் வரவில்லை. அன்று அழைத்தேன், மறுநாள் அழைத்தேன். கைப்பேசி அணைக்கப்பட்டிருக்கிறது என்றே ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது.

ஊர் திரும்ப எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்து இறங்கியபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. கையெழுத்து நின்ற கோபத்தில் எங்கள் போராளி முன்னணியின் சில தளபதிகள் தலைமையின் பேச்சைக் கேட்காமல் ஆட்களோடு ஊர்களுக்குள் புகுந்துவிட்டார்கள். ராணுவம் பீரங்கியால் பதில் சொன்னது. பகுலானிலும் புகுந்துவிட்டார்கள் என்று பேருந்து நிலையத்திலேயே சொன்னார்கள். வீட்டில் அம்மா இல்லாதது நல்லதாகப் போயிற்று. அவள் நகரத்தில் தம்பியோடு இருந்தாள்.

கண்காணிப்புக் குழு அலுவலகத்துக்கு ஓடினேன். போர்நிறுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த வெளிநாட்டவர்கள், கையில் ஆயுதம் கிடையாது. அதில் மேஜர் ஹஸ்லான் என்ற மலேசியரை எனக்குத் தெரியும்.

"பகுலானுக்கு இன்னிக்குப் போக முடியாது, புவான். நாளைக்குக் காலைல மூணு மணி நேரம் சுடாம இருக்க ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டாங்க."

"எதுக்கு மூணு மணி நேரம்?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பிணம் எடுக்க."

பகுலானிலிருந்து ஓடி வந்த இலோங்கோக்கள் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ஒரு வகுப்புக்கு ஆறு குடும்பம். நான் தலையில் முக்காட்டோடு வாசலில் நின்றதும் உள்ளே பேச்சு நின்றது. ஒரு பெண், மில்லுக்கு எதிர்வீட்டுக்காரி, "வந்துட்டா பாரு, கோடு போட்டவ" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது.

டியோனிசியா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"மனோங் ரெமிஹியோ எங்க?"

"மாட்டை அவுத்து விட்டுட்டு வர்றேன்னு திரும்பிப் போனாரு. அஞ்சு நாளாச்சு." மழை வந்தது, போனது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். "டீச்சரம்மா பேப்பர் படிச்சுக் காமிச்சாங்க. ஊர்ப் பேரு ஒண்ணு ஒண்ணா வந்துச்சு. நம்ம ஊரு வந்ததும் நான், 'இது வேற பகுலானா இருக்கும்'னேன். எல்லாரும் நீதான் போட்டேன்னாங்க. நான் நம்பல. நீ சொல்லு. நீதானா?"

பொய் சொல்லியிருக்கலாம். பெரியவர்கள் முடிவு செய்தார்கள், நான் வெறும் வரைகிறவள் என்று சொல்லியிருக்கலாம்.

"நான்தான் மனாங். அரசாங்கத்துக்காரங்க நம்ம ஊரை வெளிய விடத்தான் பாத்தாங்க. நான்தான் பிடிவாதமா உள்ள சேர்த்தேன்."

அவள் வாய் திறந்தபடி இருந்தது. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க."

"சத்தியம் பண்ணிட்டுத்தான் என் அடுப்படியில உக்காந்து மீன் தின்னியா? அந்த வாயாலதானே ட்ரெய்னிங்ன்னு சொன்னே? நான் உனக்கு மாப்பிள்ளைன்னு சிரிச்சேனேடி. மாதாவே, நான் சிரிச்சேனே!" அவள் தன் நெற்றியில் கையால் அடித்துக்கொண்டாள். சுற்றி நின்ற பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்தார்கள். நான் பிடிக்கப் போனேன். எதிர்வீட்டுக்காரி என் மணிக்கட்டைப் பிடித்து, தள்ளிவிடாமல், சும்மா எடுத்து அப்பால் வைத்தாள்.

மறுநாள் காலை மேஜரின் வண்டியில் போனேன். வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. வழியில் ஆளே இல்லை. ஊருக்குள் நுழைந்ததும் முதலில் வந்தது வாசனை. வறுத்த சோளத்தின் வாசனை. எங்கோ அடுப்பில் வறுக்கிறார்கள் போலிருந்தது, காலையில் ஒன்றும் சாப்பிடாததால் என் வாயில் எச்சில் ஊறியது. வளைவு திரும்பிய பிறகுதான் தெரிந்தது. மில் எரிந்து, உள்ளே இருந்த மூட்டைகள் நாள்கணக்காக அடங்காமல் புகைந்துகொண்டிருந்தன. ஊறிய எச்சிலை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

வண்டியை விட்டு இறங்கி எண்ணினேன். நான் எண்ணிப் பழகியவள். பதினாறு கரிக்கட்டங்கள். பதினாறும் அவர்களுடையவை. எங்கள் இருபத்தொன்பது வீடும் அப்படியே நின்றன. என் வீட்டுக் கொடியில் அம்மாவின் பழைய துண்டு ஒன்று காய்ந்து விறைத்துக் கிடந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் வாழை இலை கூடப் பொசுங்கவில்லை. அந்தப் பக்கம் தரை கறுப்பு. அவ்வளவு நேர்த்தியாக என்னால்கூடக் கோடு போட முடியாது.

 வேலியைப் பிடித்துக்கொண்டேன். மேஜர் ஏதோ கேட்டார். அவர் உதடு அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

மதரஸா வாசலில் ஐந்தாறு பேர் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவனைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. லகிம், அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன். சின்ன வயதில் நான் அண்ணன் முறை வைத்து காக்கா, காக்கா என்று பின்னாலேயே சுற்றிய ஆள். தளபதியாகி எட்டு வருஷம் ஆகிறது.

"வா தங்கச்சி" என்றான் சாதாரணமாக. "மலேசியால சாப்பாடெல்லாம் எப்படி?"

மேஜர் ஆங்கிலத்திலும் மலாயிலும் மாற்றி மாற்றிப் பேசினார். ரெமிஹியோ என்று ஒருவர், வயது அறுபது, உடலை எடுத்துப்போக வந்திருக்கிறோம் என்றார்.

"உடலா?" லகிம் சிரித்தான். "உசிரோடதான் இருக்கான். ரெண்டு வேளை சோறு போட்டு வெச்சிருக்கோம். தின்னு தீக்கறான் கிழவன்."

 மதரஸாவின் சுவரில் சாய்ந்தேன். மேஜர் கேட்டார், கோபத்தை அடக்கிய குரலில்: "அப்ப வீடுகளை எரிச்சது? யார் குடுத்த உத்தரவு அது?"

லகிம் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு தாளை எடுத்தான். வியர்வையில் நைந்து, எட்டாக மடித்த தாள். மெதுவாகப் பிரித்துத் தன் முழங்கால் மேல் விரித்தான். நகலுக்கு நகல் எடுத்ததில் கோடுகள் தடித்துப் போயிருந்தன. ஆனாலும் என் கை எனக்குத் தெரியாதா? மூலையில் என் முதலெழுத்து இரண்டும் இருந்தன.

"இந்தா, உத்தரவு" என்றான். "இவ போட்டதுதான். இதுல நம்ம ஊரு உள்ள இருக்கா இல்லையா, அவளையே கேளுங்க."

மேஜர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இதுல கையெழுத்தே ஆகல, காக்கா!" என் குரல் கிறீச்சிட்டது. "இது வெறும் படம். இதோட எழுத்துப் பக்கம் இருக்கு. ஒரு வருஷத்துல ஓட்டு, அவங்க வேண்டாம்னா வேண்டாம், யார் வீட்டையும் யாரும் எடுக்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. அதை நீ படிக்கவே இல்லையா?"

"யாரு எனக்கு அனுப்பினா? படம்தான் வந்துச்சு." அவன் குரலில் ஏளனம் போய் வேறு ஏதோ வந்திருந்தது. "ஏழு வருஷம் அங்க ஏசி ரூம்ல உக்காந்தீங்க. நாங்க இங்க சேத்துல கிடந்தோம். முடிஞ்சிருச்சு, நாளைக்குக் கையெழுத்துன்னாங்க. என் பசங்க ஆடு அறுத்தானுங்க தங்கச்சி. கோர்ட்டுக்காரன் ஒரு மத்தியானத்துல இல்லேன்னுட்டான். எங்களுக்கு என்ன சொல்லப் போறே? இன்னும் ஏழு வருஷம் படி ஏறி இறங்குவாங்களா?"

 அவன் கேட்டது எனக்கும் நியாயமாகப்பட்டது, அதுதான் என்னை இன்னும் கலங்க வைத்தது. தாளைத் திருப்பிக் கேட்டேன். தரமாட்டேன் என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். பிறகு உள்ளே பார்த்து, "கிழவனைக் கூட்டிட்டு வாங்கடா. மேஜர் இவ்ளோ தூரம் வந்திருக்காரு" என்று கத்தினான்.

ரெமிஹியோ ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்தார். வெளிச்சத்தில் அவருக்குக் கண் கூசியது. என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், சந்தையில் எதிரே வந்தவளைப் பார்த்தாற்போல. வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மில்லைத் தாண்டும்போது, "ஒரு நிமிஷம் நிறுத்துவாங்களா?" என்று கேட்டார். மேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். ரெமிஹியோ இறங்கிப் போய்ச் சாம்பலின் விளிம்பில் நின்றார். எதையும் எடுக்கவில்லை, எதையும் தொடவில்லை. நானும் இறங்கி அவருக்குப் பின்னால் நின்றேன்.

"அவன் தினமும் அந்தப் படத்தை எடுத்துப் பாப்பான், இந்தாய்" என்றார் திரும்பாமல். "ஒரு நாள் எனக்கும் காமிச்சான். நல்லா வரைஞ்சிருக்கே. பள்ளிவாசல், ஓடை, எல்லாம். எங்க கிணறுகூட சரியான எடத்துல இருந்துச்சு."

நான் சாம்பலுக்கு அப்பால் தெரிந்த கிணற்றைப் பார்த்தேன்.

"கிணறு தெரிஞ்சவளுக்கு," என்று சொல்லி நிறுத்தினார். திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கோபமில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். "கிணறு தெரிஞ்சவளுக்கு, அதுல தண்ணி எடுக்கற நாங்க தெரியலையா?"

மேஜர் ஒலிப்பானை அழுத்தினார். நேரம் முடிந்துகொண்டிருந்தது.

அந்தச் சண்டையில் லட்சக்கணக்கான பேர் வீட்டை விட்டு ஓடினார்கள், எங்கள் பக்கம், அவர்கள் பக்கம் எல்லாம் சேர்த்து. அக்டோபரில் கோர்ட் அந்த ஒப்பந்தமே செல்லாது என்று சொல்லிவிட்டது. லகிம் அடுத்த வருஷம் மலையில் காய்ச்சலில் செத்தான். அந்தப் பதினாறு குடும்பத்தில் யாரும் பகுலானுக்குத் திரும்பவில்லை. டியோனிசியாவும் ரெமிஹியோவும் கிடபவானில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மூன்று தடவை கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

பேச்சு மறுபடி தொடங்கியது. அதே நாடு, வேறொரு நடுவர். என்னைக் கூப்பிட்டார்கள். போகமாட்டேன் என்றேன். பாபா எஸ்மாயில் வீட்டுக்கே வந்து, "தப்பு பண்ணினவதான் இந்தத் தடவை ஜாக்கிரதையா இருப்பா" என்றார். ஊர்ப் பெயர் எதையும் அந்த ஊருக்குப் போய்ச் சொல்லாமல் பட்டியலில் எழுதமாட்டேன் என்று நிபந்தனை போட்டேன். பாதிக்குத்தான் ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு நான் ஊர் ஊராக ஒலிபெருக்கியோடு போனேன். செருப்பு விழுந்த ஊர்களும் உண்டு. பத்து வருஷம் ஆயிற்று. எங்களுக்குத் தன்னாட்சி தரும் சட்டம் வந்தது. 2019 பிப்ரவரியில் ஓட்டு என்று அறிவித்தார்கள். சேர விரும்புகிற ஊர் மனுப் போடலாம். பகுலான் போட்டது.

ஜனவரியில் கிடபவானுக்குப் போனேன். டியோனிசியா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள், உள்ளே வா என்று சொல்லவில்லை.

"மனாங், நம்ம ஊர்ல ஓட்டு வருது. புது ஆட்சிக்குள்ள சேரணுமா வேண்டாமான்னு. இந்தத் தடவை முன்னாடியே கேக்கணும்னு வந்தேன்."

"யாரைக் கேக்கணும்னு?"

"உங்களை. மனோங்கை."

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தாள். "எங்க பேரு அங்க ஏதுடி? நாங்க பத்து வருஷமா இந்த ஊரு லிஸ்டுல இருக்கோம். இங்கதான் ஓட்டு, இங்கதான் ரேஷன். பகுலான்ல எங்களுக்கு ஓட்டே கிடையாதே."

நான் அப்படியே நின்றேன். பட்டியல்களோடு வாழ்கிறவள் நான். வாக்காளர் பட்டியல் எப்படி எழுதப்படும், யார் பெயர் எப்போது நீங்கும், எல்லாம் எனக்கு மனப்பாடம். பேருந்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்து என்னென்ன சொல்லவேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். இது ஒன்று மட்டும் தோன்றவே இல்லை. 

"தெரியாமலா வந்தே?" என்றாள். அப்போதுதான் அவள் முகமும் மாறியது. நான் நடிக்கவில்லை என்று கண்டுகொண்டாள். "அடக் கடவுளே. நிஜமாவே தெரியாம வந்திருக்கியா?"

உள்ளே கூப்பிட்டாள். ரெமிஹியோ நாற்காலியில் இருந்தார், காது கேட்கவில்லை. காப்பி கொடுத்தாள். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஓட்டைப் பற்றி மறுபடி யாரும் பேசவில்லை. கிளம்பும்போது, "கேக்க வந்தியே, அது போதும்னு நான் சொல்லணும்னு எதிர்பாக்காதே. சொல்ல மாட்டேன்" என்றாள். தலையாட்டினேன்.

ஓட்டு எண்ணிய அன்று சாயங்காலம் பகுலான் மதரஸா முற்றத்தில் ஜனங்கள் கொட்டு அடித்து ஆடினார்கள். பாபா எஸ்மாயில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கூட்டத்தை விட்டு ஓடைப் பக்கம் ஒதுங்கி டியோனிசியாவைக் கைப்பேசியில் கூப்பிட்டேன்.

"சேர்ந்தாச்சு மனாங். நூத்திப் பன்னெண்டு, ஒம்பது."

"ஒம்பது பேரு வேண்டாம்னு போட்டாங்களா? யாரு அது?"

"தெரியாது. ரகசிய ஓட்டு."

 அவள் வாய்க்குள் ஏதோ பெயர்களை முணுமுணுப்பது மட்டும் வந்தது. ஒவ்வொரு வீடாக எண்ணுகிறாள் என்று புரிந்தது.

"எங்க பதினாறு வீட்டுல பெரியவங்க நாப்பத்தியொரு பேரு" என்றாள். "அம்புட்டு பேரும் வேண்டாம்னே போட்டிருந்தாலும் நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க இந்தாய். அம்பது ஆயிருக்கும், அவ்வளவுதான்."

"ஆமா மனாங்."

"அப்புறம் எதுக்குடி எரிச்சானுங்க?"

கொட்டுச் சத்தம் முற்றத்திலிருந்து ஓடை வரை கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கும் அது கேட்டிருக்கும். நான் கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளும் வைக்கவில்லை.